காலி நிலத்தைப் பற்றி ஒரு சீட்டு

1

புலம்பெயர்ந்த அனுபவத்தை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒருவர் பனியைப் பற்றி எழுதுகிறார். இன்னொருவர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன கதையை எழுதுகிறார். எனக்கு என்ன இருக்கிறது? ஹைதராபாத். சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் சென்னை. கடல் தாண்டவில்லை, கடவுச்சீட்டில் ஒரு முத்திரை விழவில்லை. ஊருக்குப் போனால் "இப்ப எங்கப்பா இருக்கே?" என்று கேட்பார்கள். ஹைதராபாத் என்றதும் "பிரியாணி நல்லா இருக்குமே" என்று முடித்துவிடுவார்கள். கனடாவில் இருக்கும் என் சின்னம்மா மகனிடம் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அவனிடம் உலக நிலவரம் கேட்கிறார்கள்.

ஆனாலும் எழுதுகிறேன். நான் இங்கே வந்து சென்ற வாரத்தோடு இருபத்தாறு வருஷம் முடிந்தது. அதே வாரம் டெல்லியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை. பொதுத்துறை நிறுவனங்கள் தங்களிடம் உள்ள உபரி நிலத்தை விற்பது முறையாக நடக்கிறதா என்று விசாரித்து எழுதியது. அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை உள்ளே பேசியதை வெளியே பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது வைத்தாகிவிட்டது. பேசலாம்.

புத்தகம் கைக்கு வந்ததும் நான் பரிந்துரைகளைப் படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். குழுவின் முன் பதில் சொன்ன அதிகாரிகளின் பட்டியல் அங்கேதான் இருக்கும். எங்கள் நிறுவனத்தின் கீழே நான்கு பெயர்கள். நான்காவது பெயர் ஆரோக்கியராஜ். என் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தேன். தெரிந்தும் இரண்டு தரம் பார்த்தேன்.

2

இந்த ஊரில் ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையை எல்லோருக்கும் தெரியும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தனி நகரியம், வரிசையாக கம்பெனி பஸ்கள். நான் அங்கே இல்லை. எங்களுடையது நகரத்தின் மறு கோடியில், ஹப்சிகுடா தாண்டிப் பத்து நிமிடம். அளவுகருவிகள் செய்கிறோம். மத்திய அரசு நிறுவனம்தான், ஆனால் பெயரைச் சொன்னால் "அது இன்னும் நடக்குதா?" என்று கேட்பார்கள் என்பதால் சொல்லவில்லை. அவர்களுக்கு பஸ் என்றால் எங்களுக்கு ஒரு வேன். அதிலும் ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைப்பதில்லை.

நான் எஸ்டேட் பிரிவு. நிறுவனத்தின் நிலம், சுவர், குவார்ட்டர்ஸ், அதற்கான பத்திரம், வரைபடம் எல்லாம் எங்கள் பொறுப்பு. கருவி செய்கிறவர்கள் எங்களை மதிக்க மாட்டார்கள். ஆனால் தொழில் நொடித்துப் போன நிறுவனத்தில் கடைசியில் விலைபோவது நிலம்தான். அப்போது எங்கள் பிரிவுக்குக் கொஞ்சம் மவுசு வரும்.

அந்த மவுசு முழுவதும் ராஜுக்குப் போனது.

ஆரோக்கியராஜும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று அவன் மேலாளர், நான் அவனுக்குக் கீழே துணை மேலாளர். அவன் தாத்தா காலத்திலேயே அரக்கோணத்துப் பக்கமிருந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வந்த குடும்பம். அவன் பேசும் தமிழில் பாதி இந்த ஊர் உருது. 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பான், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பான். தமிழில் ஒரு வரி எழுதவோ படிக்கவோ தெரியாது. தெலுங்குக்காரரிடம் தெலுங்கு, வேன் ஓட்டுநரிடம் உருது, பொது மேலாளரிடம் ஆங்கிலம், என்னிடம் இந்தக் கதம்பத் தமிழ். நாலும் தப்பும் தவறுமாகத்தான் பேசுவான். நாலிலும் ஆட்கள் சிரிப்பார்கள்.

நான் இருபத்தாறு வருஷம் கழித்தும் தெலுங்கை மனதுக்குள் எழுதிப் பார்த்துத்தான் பேசுகிறேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் பொது மேலாளர் என் அறை வாசலில் வந்து நின்றார். மரியாதையாக 'ரண்டி' என்று அழைப்பதற்குப் பதில் பதற்றத்தில் 'ரா' என்றுவிட்டேன். அதாவது, 'வாங்க' என்பதற்குப் பதில் 'வாடா'. ராஜ்தான் விழுந்து விழுந்து சிரித்து, "சார், எங்க ஆளு உங்கள தம்பியா நெனச்சிட்டாரு" என்று தெலுங்கில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தான். என்னைக் காப்பாற்றினான், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு பொது மேலாளர் தேநீருக்குக் கூப்பிட்டது அவனைத்தான்.

வீட்டிலும் இதே கதை. என் மகள் கயல் இங்கேயே படித்தவள். தொடர்ந்து இங்கே படித்த பிள்ளைகளுக்கு 'உள்ளூர்க்காரர்' என்று ஒரு தகுதி உண்டு. அதற்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து சான்றிதழ் வாங்கியவன் நான். ஒரு பள்ளியில் முத்திரை இல்லை, இன்னொன்றில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. கடைசியில் அவள் உள்ளூர்க்காரி ஆனாள். அலைந்த நான் அதே வெளியூர்க்காரன். இப்போது மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் "டைம் லேது அப்பா" என்று தெலுங்கில் பதில் வரும், நேரம் இல்லையாம். ராஜ் வீட்டுக்கு வந்தால் மட்டும் நேரம் இருக்கும். அவன் வாசலில் நின்று "ஏம்மா, பாகுன்னாவா?" என்று நலம் விசாரித்தால் போதும், அறையிலிருந்து வெளியே வந்து ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுவாள்.

"உங்களுக்குப் பொறாமைங்க" என்று என் மனைவி செல்வி சொல்லுவாள். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

3

இது எனக்குப் பரம்பரையாக வந்தது. என் அப்பா விருதுநகர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க். நான் கல்லூரியில் இருந்தபோது ஆலையை மூடினார்கள். சில வருஷம் கழித்து ஏலம் விட்டார்கள். முதலில் இயந்திரம், பிறகு இரும்பு, பிறகு ஓடு, கடைசியில் நிலம். யார் விலை வைத்தார்கள், யார் சரிபார்த்தார்கள், எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. லாரி வந்தது, போனது.

சரக்குப் பட்டியல் சரிபார்க்க அதிகாரிகள் வந்த அன்று அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர்கள் கூட்டிப் போனது பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய உதவியாளரை. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். ஆலை போன வருத்தத்தை அப்பா ஒரு வருஷத்தில் மறந்துவிட்டார். உதவியாளரைக் கூப்பிட்டதைச் சாகும் வரை மறக்கவில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்பார். சோறு சாப்பிடும்போது சம்பந்தமே இல்லாமல் சொல்லுவார்.

அதனால் ஒரு நிறுவனத்தின் நிலத்தை விற்கும் முன் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நேரில் வந்து கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழுவால் விற்பனையைத் தடுத்து நிறுத்த முடியாது. பரிந்துரைக்கத்தான் முடியும். அரசு ஏற்கலாம், 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டும் போகலாம். இருந்தாலும் கேட்கிறார்களே. கேட்டதும் சொன்னதும் அச்சில் ஏறி நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கப் போகிறதே. அந்த அச்சில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்காக மட்டும் அல்ல, அப்பாவுக்காகவும் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் பெரும்பாலும் எனக்காகத்தான்.

4

குழு வருகிறது என்றால் அலுவலகம் கல்யாண வீடாகிவிடும். முதலில் டெல்லியிலிருந்து கேள்விப் பட்டியல் வரும். அதற்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் பதில் அச்சடித்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்குப் பூண்டு ஆகாது என்று ஒரு பட்டியல். நிலம் சம்பந்தமான பதில்கள் அனைத்தையும் எழுதியவன் நான். ஆறு வாரம் எழுதினேன்.

கூட்டம் மாதாப்பூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில். எங்கள் தரப்பில் இரண்டு வரிசை. முதல் வரிசைக்கு மேஜை, மைக், பெயர்ப் பலகை, முந்திரித் தட்டு. இரண்டாம் வரிசைக்கு நாற்காலி மட்டும். முதல் வரிசையில் நிறுவனத் தலைவர், இயக்குநர், பொது மேலாளர், நிலத்துக்காக ராஜ். இரண்டாம் வரிசையில் அவனுக்கு நேர் பின்னால் கோப்புகளோடு நான்.

இரண்டாம் வரிசைக்காரனின் வேலை சீட்டு. உறுப்பினர் கேள்வி கேட்டதும் உள்ளங்கை அளவுத் தாளில் கொட்டை எழுத்தில் பதிலை எழுதி முன்னால் தள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் திரும்பக் கூடாது. திரும்பினால் விஷயம் தெரியாதவர் என்று ஆகிவிடும். அவர் இடது கையை நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிடுவார், நாங்கள் அதில் சீட்டைச் செருக வேண்டும். பிறகு தன் தலையிலிருந்தே வந்த மாதிரி அவர் பதில் சொல்வார். நாட்டில் எத்தனையோ நல்ல பதில்கள் இப்படிச் சொல்லப்பட்டவைதான்.

ஒரே ஒரு வழி உண்டு. முன்வரிசைக்காரர் தடுமாறி நின்றால், குழுத் தலைவர் சில சமயம் "பின்னால் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார். தெரிந்தவர் எழுந்து, பெயரும் பதவியும் சொல்லிப் பதில் சொல்லலாம். அப்போது அவர் பெயரும் பட்டியலில் சேரும். வேறொரு நிறுவனத்தில் ஒரு கணக்கருக்கு அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டு, அந்த அறிக்கையைத் தேடி எடுத்து அவர் பெயரைப் பார்த்தேன். முன்பின் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

5

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம், விற்கப் போகிற நிலத்தைப் படம் எடுத்து வர என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலையின் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் துண்டு. எங்கள் பதிலில் 'காலி நிலம்' என்று நானே எழுதி அச்சுக்கு அனுப்பியது. வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

சீமைக்கருவேலத்துக்குள் புகுந்து போனால் ஒரு மோட்டார் சத்தம். செங்கல் அறை. உள்ளே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யாதையா என்ற ஒப்பந்தத் தொழிலாளி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து இது இருக்கிறது என்று என் தெலுங்கில் கேட்டேன்.

"சால ரோஜுலு அயிந்தி சார்" என்றார், ரொம்ப நாளாகிறதாம். பழைய குவார்ட்டர்ஸ் பக்கம் கையைக் காட்டி, "அந்தரிக்கி நீள்ளு இக்கட நுஞ்சே" என்றார். அங்கே இருக்கிற எல்லோருக்கும் தண்ணீர் இங்கேயிருந்துதான்.

வரைபடம் போட்ட பிறகு தோண்டிய ஆழ்துளைக் கிணறு. பழைய குவார்ட்டர்ஸில் இப்போது இருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களும், போக இடம் இல்லாத சில ஓய்வுபெற்றவர்களும். நிலத்தை வாங்குகிறவர் முதல் வேலையாக அந்த அறையை இடிப்பார். நூறு குடும்பம் இருக்கும், குடத்தோடு நிற்கும்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கவலை அல்ல, சந்தோஷம். நிலத்தைப் பற்றி ராஜுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஹோட்டலுக்குப் போகும் வேனில் ராஜ் புது டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாண்டி, புதுசா ஏதாச்சும் இருக்குதா? போட்டோ எடுத்தியே" என்று கேட்டான். என் முழுப்பெயர் சங்கரபாண்டியன். அவனுக்கு நான் பாண்டி.

"ஒன்னுமில்ல, முள்ளுதான்" என்றேன்.

சட்டைப்பையில் சீட்டு தயாராக இருந்தது. 'பம்ப் அறை இயங்குகிறது. குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் தண்ணீர்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். வேனிலேயே சொல்லாமல் சபையில் கொடுத்தால் அதன் மதிப்பே தனி என்று நினைத்தேன். அது வரைக்கும்தான் நினைத்தேன், நம்புங்கள்.

6

கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. மதிப்பீட்டாளரை யார் நியமித்தது, விலையை எப்படி முடிவு செய்தீர்கள், இயக்குநர் குழுவில் யாராவது மறுப்புத் தெரிவித்தார்களா என்று உறுப்பினர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சிலர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். என் சீட்டுகள் ராஜின் இடது கைக்குப் போய்க்கொண்டே இருந்தன. அவன் அவற்றை அழகாகச் சொன்னான். நடுவில் ஒரு பதிலுக்கு உருதுவில் ஏதோ சொல்லி உறுப்பினர்களைச் சிரிக்க வைத்தான். குழுத் தலைவர் "நீங்கள் விஷயம் தெரிந்தவர்" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. விஷயம் தெரிந்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

அப்போது உறுப்பினர்களில் ஓர் அம்மையார், அதுவரை அதிகம் பேசாதவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "காலி நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா? அங்கே எதுவும் பயன்பாட்டில் இல்லையா? ஒரு குழாயாவது?"

ராஜின் இடது கை பின்னால் வந்தது. சீட்டை எடுத்து நாற்காலிகளின் இடைவெளியில் நீட்டினேன். அந்த ஒரு கணத்தில்தான் தோன்றியது. கொடுக்காவிட்டால் இவன் தடுமாறுவான். குழுத் தலைவர் பின்னால் பார்ப்பார். நான் எழுந்து பெயர் சொல்வேன். சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அவன் விரல்கள் ஒரு முறை மூடித் திறந்தன. கொஞ்சம் காத்திருந்தன. பிறகு கை முன்னால் போய்விட்டது.

அவன் தடுமாறவே இல்லை. நான் எழுதி அச்சடித்த பதிலையே சொன்னான். "எதுவும் பயன்பாட்டில் இல்லை மேடம். முழுக்கக் காலி நிலம்." அம்மையார் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். டெல்லியிலிருந்து வந்திருந்த செயலகத்துக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்திருக்கலாம். 'ஒரு திருத்தம்' என்று கையை உயர்த்தலாம். எழுந்தால் சீட்டை ஏன் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும். உட்கார்ந்தே இருந்தேன்.

மதியச் சாப்பாட்டில் ராஜ் என் தட்டில் குபானி மீட்டா என்ற இந்த ஊர் ஆப்ரிகாட் பழ இனிப்பை அவனே பரிமாறினான். அவன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்து நிம்மதியானேன்.

7

ஆறு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் குவார்ட்டர்ஸ்காரர்களுக்குத் தண்ணீர் போய்விடும். இந்தக் கணக்கை வேனில் போகும்போதும் வரும்போதும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தது.

ஏழாம் நாள் ராஜ் என்னைக் கூப்பிட்டான். "பாண்டி, நேத்து ஞாயித்துக்கெழம சும்மா அந்த நெலத்தப் பார்த்துட்டு வந்தேன். அங்க பம்ப் ஓடுதுபா. நான் தப்பா சொல்லிட்டேன். கமிட்டிக்கு லெட்டர் எழுதணும்."

பொது மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள், வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான், சொன்ன பதிலை மாற்றினால் நிறுவனத்துக்குத்தான் அசிங்கம் என்றார். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிற மாதம் என்பதையும் நினைவூட்டினார். ராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். "குடிக்கிற தண்ணி சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில், உன் பெயரிலேயே எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார்.

கடிதத்தை எழுதச் சொன்னது என்னிடம். 'நான் அளித்த பதில் தவறானது' என்று ஆரம்பித்தேன். 'வருந்துகிறேன்' என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்தேன். ஓர் இடம் போதும். மூன்று வைத்ததில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ராஜ் படித்துப் பார்த்தான். ஒரு வார்த்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டான்.

அந்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். பிறகு அவன் தன் மேஜையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து மெதுவாகச் சாப்பிடுவதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். என்னால் என் டப்பாவைத் திறக்க முடியவில்லை.

8

எட்டு மாதம் கழித்து, சென்ற வாரம், அந்த அறிக்கை வந்தது. நடுவில் ஒரு பத்தி எங்களைப் பற்றி. பம்ப் அறையையும் குழாய் போகும் பாதையையும் விற்பனையிலிருந்து நீக்க வேண்டும். இனி எந்த நிறுவனமும் நேரில் போய்ப் பார்த்து எழுதாமல் ஒரு நிலத்தைக் காலி என்று பட்டியலிடக் கூடாது. இவை பரிந்துரைகள். அதற்கு மேல் ஒரு வரி: பதில் அளித்த அதிகாரி தாமாகவே முன்வந்து தம் தவறைத் திருத்திக்கொண்டதைக் குழு பாராட்டுகிறது.

அதாவது, நான் செய்த தவறுக்கு நாடாளுமன்றம் ராஜைப் பாராட்டிவிட்டது. இதைப் படித்துவிட்டு என் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ராஜ் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தான். கயல் அவனோடு தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தாள். செல்வி இட்லி வைத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, "பாண்டி, ஒரு வேல. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்தான் படிப்பாங்க. எனக்கு எழுத வராது. இந்த பேராவ மட்டும் தமிழ்ல எழுதிக் குடு. ஒரே வரிதான் என்னப் பத்தி" என்றான்.

நல்ல தாளாக எடுத்து எழுத உட்கார்ந்தேன். பரிந்துரைகள் தடையில்லாமல் வந்தன. 'தாமாகவே முன்வந்து' என்ற இடத்தில் பேனா நின்றது. அவன் கூடத்தில் என் மகளுக்கு ஏதோ அட்டகாசமாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த வரியை முழுதாக எழுதி முடித்தேன். அதன் கீழே இன்னொன்று எழுதினேன்: 'அம்மா, அன்று சரியான பதில் எழுதிய சீட்டு என்னிடம் இருந்தது. உங்கள் மகன் கையை நீட்டியபோது பொறாமையால் நான் கொடுக்கவில்லை. சங்கரபாண்டியன்.'

ராஜ் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் சுழிகள். "அழகா இருக்குதுபா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போன் அடித்தால் செல்வியை எடுக்கச் சொன்னேன்.

9

திங்கட்கிழமை அவன் என் இடத்துக்கு வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்தான்.

"அம்மா படிச்சுக் காட்டினாங்க. கடைசி வரிய ரெண்டு தபா படிச்சாங்க."

"திட்டினாங்களா?"

"இல்லபா. கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னாங்க. எனக்குத்தான் திட்டு, நீ ஏன் தமிழ் கத்துக்கலன்னு."

நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவான், பொது மேலாளரிடம் போவான், குறைந்தது எழுந்தாவது போவான் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாண்டி" என்றான். "காயிதம் விரல்ல பட்டுச்சு. புடிக்கறதுக்குள்ள போயிடுச்சு. என்னாவோ இருக்குதுன்னுதான் ஞாயித்துக்கெழம நெலத்துக்குப் போனேன். அந்த யாதையா சொன்னாரு, முன்னாடியே ஒரு சார் வந்து பார்த்துட்டுப் போனாருன்னு."

"அப்புறம் ஏன் என்னைக் கேட்கலை?"

"எதுக்கு கேக்கணும்? நான் ஒரு செகண்ட் திரும்பிப் பார்த்திருந்தா முடிஞ்சுது. மைக்கு முன்னாடி சேர்மன் மாதிரி உக்காந்துட்டேன், கழுத்து திரும்பல. நீ பாதி, நான் பாதி." சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். "சொல்லுவேன்னு நெனைக்கல. வா, சாய் குடிக்கலாம்."

மூன்று 'வருந்துகிறேன்' போட்ட கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அவனுக்குத் தெரியும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் போன அன்று டிபன் டப்பாவைத் திறந்தபோது தெரியும். சனிக்கிழமை என் வீட்டில் என் மனைவி வைத்த இட்லியை ரசித்துச் சாப்பிட்டபோதும் தெரியும். எட்டு மாதம் அதை உள்ளே வைத்துக்கொண்டு என் மகளைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

நானாக இருந்தால் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பொது மேலாளரிடம் போயிருப்பேன். அறிக்கையின் பட்டியலில் பெயர் வந்ததற்காக அவன்மேல் இருந்த எரிச்சல் அந்த மேஜை அருகிலேயே போய்விட்டது. அது பெரிய விஷயம் இல்லை, இன்னொரு குழு வரும், இன்னொரு பட்டியல் வரும். அவனால் முடிந்த இது என்னால் ஒருநாளும் முடியாது. இந்தப் பொறாமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.